பங்குக் கிணறும் நீச்சல் தடாகமும்

விடுதிக்கு வருகிறவர்களின் கையில் நான் முதலில் கொடுப்பது அறைத் திறப்பு. பிறகு குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாளியையும் அள்ளிக் குளிக்கும் பேணியையும் காட்டுவேன். ஷவர் எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்று தலையை ஆட்டுவேன். ஏன் என்று கேட்டால், தண்ணீரை ஏன் அளந்து எடுக்கவேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அந்தத் தாளில் இருப்பது எனக்கு மனப்பாடம். ஆனால் புது ஆட்களுக்கு முன்னால் நாலு வசனம் சேர்த்துக் கதைப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். ஐந்தாம் வகுப்பில் சண்டையால் இடம்பெயர்ந்தோம், அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. கூச்சம் அதற்கு முன்பிருந்தே இருந்தது.

பருத்தித்துறை பஸ் போகும் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கால் மணி நேரம் நடந்தால் எங்கள் விடுதி வரும். பனையோலை வேய்ந்த ஆறு குடில்கள், சமைக்க ஒரு குசினி, நடுவில் ஒரு வேம்பு. காணி வெளிநாட்டில் இருக்கும் ஓர் அண்ணையுடையது. விடுதியை நான் பார்த்துக்கொள்கிறேன், குசினி மனைவியின் பொறுப்பு. வாசல் பலகையில் ‘இயற்கையோடு இசைந்த விடுமுறைப் பூங்கா’ என்று எழுதியிருக்கிறது. சும்மா எழுதி வைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் நாங்கள் விற்பதில்லை, ஒவ்வொரு குடிலிலும் ஒரு மண்குடம் இருக்கும். வெளிச்சத்துக்கு வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடுகள். குசினிக் கழிவு குழிக்குள் போய் எருவாகும். குளித்த தண்ணீர் வாழைக்கு ஓடும். பொலித்தீன் பையோடு வருகிறவர்களுக்குத் துணிப்பை ஒன்று கொடுத்து, பொலித்தீனைத் திரும்பக் கொண்டுபோகச் சொல்வோம். அண்ணை வரும்போதெல்லாம் இவற்றைப் படம் எடுத்துத் தன் போனில் எல்லோருக்கும் அனுப்புவார்.

இவ்வளவும் ஒரு கிணற்றை நம்பித்தான் நடக்கிறது. நான் இளவயதில் உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் இறைப்புக்குப் போனவன். அங்கே செம்மண், ஆழக் கிணறு; காலையில் மிசினைப் போட்டால் மத்தியானம் வரை ஓடும். இங்கே கடல் கிட்ட. நல்ல தண்ணீர் மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான் நிற்கும். அதற்குக் கீழே முழுவதும் சவர், உப்புத் தண்ணீர். மேலே நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஊற விட்டு ஊற விட்டு எடுத்தால் வருடம் முழுவதும் எடுக்கலாம். ஒரே மூச்சில் இழுத்தால் கீழே இருக்கும் உப்பு எழும்பி வந்துவிடும். வந்தால் இலேசில் போகாது. நான் வந்த முதல் வருடமே மெத்தைவிரிப்புகள் துவைக்கவென்று அரை நாள் மோட்டரைப் போட்டேன். அடுத்த நாள் மனைவி வைத்த தேத்தண்ணி உப்புக் கரித்தது. வாழையிலைகளின் ஓரம் எரிந்து போனது. அதன் பிறகுதான் ஷவரைக் கழற்றி வாளியை வைத்தோம்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. அது பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதியிருக்கும். பாதி அண்ணைக்கு. மற்றப் பாதி வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று பரப்புக் காணியில் வெங்காயம் வைக்கும் அக்காவுக்கு. அறுபதை நெருங்கியவர். மகள் கலியாணம் முடித்து மானிப்பாயில் இருக்கிறாள். அக்காவுக்குத் துணை அந்தத் தோட்டம்தான். திங்களும் வெள்ளியும் அவருடைய முறை. அந்த நாட்களில் நாங்கள் குடிக்க அள்ளுவதைத் தவிர கிணற்றில் கைவைப்பதில்லை. யாரும் எழுதி ஒட்டாத ஒழுங்கு அது, ஆனால் ஒரு தரமும் தவறியதில்லை.

போன வருடம் அண்ணை ஒரு நீச்சல் தடாகம் கட்டுவதென்று முடிவெடுத்தார். கடல் இங்கே கல்லும் பாசியுமாக இருக்கிறது, பிள்ளைகள் இறங்கப் பயப்படுகிறார்கள் என்றார். நீல ஓடு பதித்து, வேம்புக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். வேலை முடியும்போது ஆவணி மாதம் பிறந்துவிட்டது. மழை பெய்து மாதக் கணக்காகிவிட்டது, சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஆகக் குறைந்து நிற்கும் காலம் அது.

ஒரு நாள் காலையில் அண்ணை போன் எடுத்தார்.

“தடாக வேலை முடிஞ்சுதாம். மேசன் படம் அனுப்பினவர். நல்ல வடிவா இருக்கு.”

“ஓம் அண்ணை.”

“கோயில் தேருக்கு எங்கடை ஆக்கள் இருபது பேர் வருகினம். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்திறங்குவினம். பிள்ளையள் நீச்சல் நீச்சல் எண்டு துள்ளுதுகள்.”

“ஓம்.”

“அதுக்கிடையில கிணத்தில இருந்து இறைச்சு நிரப்பிப் போடு. கிணறு தாங்கும்தானே?”

“ஓம்... அண்ணை, இப்ப சோளகம்...”

“சரி சரி, எனக்கு வேலையிருக்கு. வைக்கிறன்.”

ஓம் என்பதை எங்கள் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வோம். சம்மதம் என்பதற்கும் ஓம். ஒருவர் கதைத்துக்கொண்டு போகும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கும் ஓம். என்னுடைய ஓம் பெரும்பாலும் இரண்டாவது. ஆனால் போனில் இருக்கிறவருக்கு அது தெரியாது. தெரிய வைக்கிற தைரியமும் எனக்கு இல்லை.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னவாம்?”

“தடாகத்தை நிரப்பட்டாம். கிணத்துத் தண்ணியால.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஓம் எண்டிருப்பியள். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் உந்த ஓமைத்தானே சொன்னியள்.”

“அது நல்லதாத்தானே முடிஞ்சுது.”

“ஆருக்கு?” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இஞ்சேரப்பா, பகிடி இல்லை. அக்கான்ரை வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம். திருப்பி எடுத்துச் சொல்லுங்கோ.”

சொல்கிறேன் என்றேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். பின்னேரம் எடுக்கலாம் என்று நினைத்தேன். பின்னேரம் அங்கே விடிந்திருக்காது என்று நினைத்தேன். இப்படியே அன்றைய நாள் போனது.

அன்று மாலையே அக்கா வேலியில் ஆள் நுழையும் பொட்டால் தலையை நீட்டினார்.

“என்ன தம்பி, மாட்டுக்குத் தொட்டியோ கட்டியிருக்கிறியள்? மாடு ஒண்டையும் காணேல்லை.”

“நீந்தித் தோயிறதுக்கு அக்கா. வாற ஆக்களுக்கு.”

“உந்தப் பெரிய கடல் கிடக்குது. அதுக்குள்ள தோய ஏலாதாமோ அவைக்கு?”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு தடாகத்தை ஒரு பார்வை பார்த்து, அதன் நீளத்தையும் ஆழத்தையும் மனதுக்குள் அளந்துவிட்டு, “தண்ணி பவுசரிலைதானே வரும்?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் ஏற்றி வரும் பவுசர் லொறி ஒன்றுக்கு ஒழுங்கு செய்துவிடலாம், அண்ணையிடம் எப்படியாவது சொல்லிவிடலாம், இரண்டு ஓமும் சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பினேன். அக்கா திருப்தியாகத் தலையை இழுத்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு பேருக்கு ஓம் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அண்ணைக்குப் போன் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். விடிய எங்கள் சின்ன மோட்டரைக் கொஞ்ச நேரம் போடுவேன், நிறுத்துவேன். ஊறும்வரை காத்திருந்து மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். அக்காவின் முறை நாட்களில் தொடுவதில்லை. ஒவ்வொரு தரமும் செம்பில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கிணறு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் தடாகம் நிறைய மறுத்தது. புதன்கிழமையாகியும் கால் பங்கு கூட இல்லை. காற்றில் பறந்து வந்த வேப்பம் சருகு அதில் மிதந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நிறையாது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. 

வியாழக்கிழமை காலை அண்ணை நேரில் வந்துவிட்டார். உறவினர்களுக்கு ஒரு நாள் முன்னதாக வந்து எல்லாம் சரிபார்க்க நினைத்திருக்கிறார். பயணப்பையை வைத்துவிட்டு நேரே தடாகத்தடிக்குப் போனார்.

“என்னடாப்பா இது? கோழி குடிக்க வைச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு!”

 அவர் யார் யாருக்கோ போன் எடுத்தார். ஒன்பது மணியளவில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பெரிய இறைப்பு மிசின் வந்து இறங்கியது. மானிப்பாயில் வாடகைக்குப் பிடித்ததாம். குழாயின் வாயைப் பார்த்தேன். என் தொடையளவு இருந்தது. அதைக் கிணற்றுக்குள் இறக்கும்போது நான்தான் கயிறு பிடித்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“அண்ணை, கிணறு ஊற நேரம் குடுக்கவேணும்,” என்றேன். அதே நேரம் மிசின் உறுமிக்கொண்டு எழும்பியது.

அவர் காதில் கையை வைத்தார். “என்ன?”

“ஒண்டுமில்லை.”

“நீ பருத்தித்துறைக்குப் போய் மீனும் மற்றச் சாமானும் வாங்கிக்கொண்டு வா. மிசினை நான் பாக்கிறன்.”

நான் போனேன். பஸ்ஸில் இருந்தபடி மனதுக்குள் அவரோடு எவ்வளவோ கதைத்தேன். நல்ல நல்ல வசனங்கள் வந்தன. ஒரு மணி நேரம் ஓடினால் பரவாயில்லை, தானாகவே நிறுத்திவிடுவார் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தையில் விலை பேசாமல் விளைமீனும் நண்டும் வாங்கினேன். மீன் விற்ற ஆள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “என்ன அண்ணை, வீட்டில செத்தவீடோ, இப்பிடி அவதிப்படுறியள்?” என்றார். திரும்பிவர பஸ் கிடைக்கவில்லை. ஐஸ் உருகி பையின் அடியால் சொட்டியது. ஒரு பஸ் வந்து, நிற்காமல் போய், அடுத்தது வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது.

தெருவில் இறங்கும்போதே மிசின் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மனைவி கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் ரெண்டு தரம் சொல்லிப்போட்டன் நிப்பாட்டுங்கோ எண்டு. ‘அவனே ஓம் எண்டிட்டான், உனக்கென்ன பிள்ளை’ எண்டு கேக்கிறார்.”

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்தேயிராத அடிக் கல் தெரிந்தது. குழாய் நுனி தண்ணீரும் காற்றுமாக இழுத்துக்கொண்டிருந்தது. மிசினை நிறுத்தினேன். அண்ணை தடாகத்து விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். தடாகம் நிறைந்து, வெயிலில் நீலமாக ஆடியது.

“ஏன் நிப்பாட்டினனி? இன்னும் ஒரு சாண் வேணும்.”

“தண்ணி முடிஞ்சுது அண்ணை.”

“பரவாயில்லை, இவ்வளவு காணும். பாத்தியே, ஒரு நாளில நிரம்பிற்றுது. நீ ஒரு கிழமை என்ன செய்தனி?”

குழாயில் மிச்சமாகச் சொட்டியதைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். சவர். துப்பினேன். அவர் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே நான் பொட்டால் போய் அக்காவிடம் சொல்லியிருக்கவேண்டும். வேலிவரை போனேன். அக்கா வாய்க்காலைக் கொத்திச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை முறைக்கான ஆயத்தம். நான் நின்றதை அவர் காணவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

விடியக் காலையில் அவருடைய சின்ன மிசின் ஓடத் தொடங்கியது. எழும்பிக் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இரவில் கிணறு ஊறியிருக்கும், ஒருவேளை நல்லாகியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான். சத்தம் சட்டென்று நின்றது. நின்ற பிறகு காற்று மட்டும் கேட்டது.

அக்கா பொட்டால் வந்தார். கையில் செம்பு. சீலைக் கரை சேறாக இருந்தது. நேரே என் முன்னால் வந்து செம்பை நீட்டினார்.

“குடி.”

குடித்தேன்.

“என்ன மாதிரி?”

“சவர் அக்கா.”

“ரெண்டு பாத்திக்குப் பாய்ஞ்சிட்டுது. ஏதோ வித்தியாசமா நுரைக்குதெண்டு பேந்துதான் வாயில வைச்சுப் பாத்தன்.” அவர் சத்தம் போடவில்லை. “நேற்று முழுக்க மிசின் சத்தம் கேட்டது. பவுசரில இருந்து இறக்குறாங்களாக்கும் எண்டு நினைச்சன். நீ ஓம் எண்டு சொன்னபடியால.”

அண்ணை குடிலிலிருந்து வந்தார். தோளில் துவாய், கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் குளோரின் தூள். தடாகம் கட்டியவர்கள் கொடுத்தது. ஆட்கள் இறங்க முன்னர் போடச் சொல்லியிருந்தார்கள்.

“என்ன அக்கா, விடியக்காலமை?”

“கிணத்தை என்ன செய்தனீங்கள்?”

“எங்கடை கிணறுந்தானே. உறுதியில பாதி கிடக்கு.”

“பாதியெண்டால் பாதியைக் குடிக்கவேணும். அடியில கிடந்த உப்பைக் கிண்டி எழுப்பிவிட்டால் மற்றப் பாதியை நான் ஊறுகாய் போடவோ?”

அண்ணையின் முகம் சுருங்கியது. “நான் உவனைக் கேட்டுத்தான் செய்தனான். கிணறு தாங்குமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவன்.”

“என்னட்டையும் ஓம் எண்டுதான் சொன்னவன். பவுசரில வருமெண்டு.”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குசினி வாசலில் மனைவி அகப்பையோடு நின்று பார்த்தாள். எனக்கு வேம்புக்குப் பின்னால் போய் நிற்கலாம் போலிருந்தது.

அக்கா கிணற்றுக் கட்டின் மேல் இருந்துவிட்டார். “திங்கட்கிழமை பாய்ச்சினதுக்குப் பிறகு வெங்காயத்துக்குத் தண்ணியில்லை. இந்தக் காத்துக்கு இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையில வெங்காயத் தாள் படுத்திடும். குமிழ் வைக்கிற நேரத்தில படுத்தால் பேந்து எழும்பாது.”

அண்ணை கெட்டவர் இல்லை. உடனே போனை எடுத்து பவுசர்காரர் மூன்று பேரோடு கதைத்தார். தேர் முடியும்வரை ஒன்றும் வராது என்றார்கள். எல்லாப் பவுசரும் கோயில் வீதித் தண்ணீர்ப் பந்தல்களுக்கு ஓடுகின்றன. “ஞாயிற்றுக்கிழமை பாப்பமாம்,” என்றார்.   பிறகு, தன்னால் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்பது போலக் கையை விரித்துவிட்டு, தடாகத்தடிக்குப் போய்க் குனிந்து வாளியின் மூடியை நெம்பினார். தூளின் காரமான மணம் காற்றோடு வந்தது.

அந்த மணம் மூக்கில் ஏறியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் ஒரு கிழமை ஊற விட்டு ஊற விட்டு எடுத்த தண்ணீரும், நேற்று உப்பு எழும்புவதற்கு முன்னர் மிசின் இழுத்த தண்ணீரும் எங்கும் போகவில்லை. கிணற்றில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் இந்த நீல ஓட்டுக்குள்தான் கிடக்கிறது. தூள் விழுந்தால் அது பயிருக்கு ஆகாது.

அக்காவின் செம்பு என் கையில்தான் இருந்தது. போய்த் தடாகத்தில் அள்ளிக் குடித்தேன். கொஞ்சம் சப்பென்று இருந்தது. ஆனால் சவர் தெரியவில்லை; கடைசியில் விழுந்த கொஞ்சம் அவ்வளவு தண்ணீரில் கரைந்துபோயிருந்தது.

“அண்ணை, உந்தத் தூளைப் போடாதேங்கோ.”

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது நான் சொன்னது எனக்குள்ளேயே நின்றுவிட்டதோ தெரியாது. மூடி கழன்றுவிட்டது. வாளியைச் சரித்தார். நான் போய்க் கைபிடியைப் பிடித்தேன்.

“என்ன?”

“போடாதேங்கோ. இந்தத் தண்ணி வெங்காயத்துக்கு.”

“உனக்கென்ன விசரே? பின்னேரம் சனம் வருது!”

“வரட்டும்.”

“அப்ப என்னத்துக்கு ஓம் எண்டு சொன்னனி?”

“பயத்தில சொன்னனான் அண்ணை.”

“இப்ப பயமில்லையோ?”

“இப்பவும் பயம்தான். ஆனால் உதைப் போட விடமாட்டன்.”

“ஆரின்ரை இடத்தில நிண்டு கதைக்கிறாய் எண்டு தெரியுமோ?”

“தெரியும். இடம் உங்கடை. தண்ணியில அரைவாசி அக்கான்ரை. அவவின்ரை அரைவாசியையும் சேத்துத்தான் நாங்கள் இறைச்சனாங்கள்.”

வாளி எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கியது. இருவரும் இழுத்ததில் கைபிடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும் என்றுதான் எனக்கு அப்போது இருந்தது, முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். பாரம் முழுவதும் திடீரென்று என் பக்கம் வந்தது. ஒரு பிடி தூள் மண்ணில் சிந்தியது.

“சரி. பின்னேரம் வாற சனத்துக்கு நீதான் சொல்லவேணும். நான் ஒரு வார்த்தை கதைக்கமாட்டன்.”

அவர் தன் குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அக்காவின் மிசினை நானும் மனைவியும் பொட்டால் தூக்கிவந்து தடாகத்தடியில் வைத்தோம். குழாய் வாய்க்கால்வரை எட்டவில்லை. எங்கள் தோட்டக் குழாயையும் சேர்த்துக் கட்டினோம். தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் அக்கா மண்வெட்டியோடு இறங்கினார். பாத்தி பாத்தியாக வாயை வெட்டித் திறந்து, நிறைந்ததும் அடைத்து, தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனார். உப்புப் பாய்ந்த முதல் இரண்டு பாத்திகளின் முறை வந்தபோது, “அதுக்கும் விடவோ அக்கா, கழுவுப்படும்,” என்று கேட்டேன்.

அவர் அந்த இரண்டையும் பார்த்தார். தாள் பச்சையாகத்தான் நின்றது. பிறகு தடாகத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். “கழுவுறதெண்டால் ரெண்டு மடங்கு வேணும். திங்கட்கிழமைக்கு ஒண்டும் மிஞ்சாது. அதுகளை விடு.”

பத்து மணிக்கு முடிந்தது. தடாகத்தில் முழங்கால் அளவு நின்றது. அதைத் திங்கட்கிழமைக்கு என்று வைத்தோம். அக்கா தன் மிசினை இழுத்துக்கொண்டு பொட்டால் போனார்.

பின்னேரம் இரண்டு வான்கள் வந்து நின்றன. பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு குதித்து இறங்கித் தடாகத்தடிக்கு ஓடின. அண்ணை சொன்னபடியே ஒரு கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது பேர். நான் வேம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஒரு பெண், “தடாகத்துக்குள்ள தண்ணி எங்கை?” என்று கேட்டார்.

“வெங்காயத்துக்குக் குடுத்திட்டம்,” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்கள். பிறகு நான் சொன்னேன். கிணறு பங்குக் கிணறு என்றும், மேலே இருப்பது மட்டும்தான் நல்ல தண்ணீர் என்றும், நாங்கள் கூடுதலாக எடுத்துவிட்டோம் என்றும், ஆளுக்கு ஒரு வாளிதான் என்றும், அதுவும் ஊர்ப் பொதுக் குழாயில் பீப்பாயில் பிடித்து லான்ட்மாஸ்டரில் வருகிறது என்றும் சொன்னேன். வசனங்கள் ஒழுங்காக வரவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்றுபோய், முதலிலிருந்து தொடங்கினேன். தடாகத்தில் நிற்கும் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்றதும் அந்தப் பெண் அண்ணையைப் பார்த்து, “இதென்ன பகிடி? இதுக்கோ நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்று கேட்டார். அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார். ஒரு வான் அப்படியே திரும்பிப் பட்டணத்து விடுதிக்குப் போனது. மற்ற வானில் வந்தவர்கள் தங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தடாகத்துக்கு வெளியே வரிசையாகக் குந்தியிருந்து, தொடமுடியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மிச்சத் தண்ணீரும் தோட்டத்துக்குப் போனது. அண்ணை வேலியருகில் நின்று பார்த்தார்.

“வெங்காயம் எப்ப கிண்டுவியள் அக்கா?”

“கிடந்தால் கிண்டுவன்,” என்றார் அக்கா, நிமிராமல்.

மறுநாள் அண்ணை புறப்பட்டுப் போனார். என்னை வேலையில் நிற்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தேர் முடிந்து பவுசர் கிடைத்தபோது அக்காவின் பெயருக்கு ஒன்றை அனுப்பியிருந்தார். அது ஒரு முறைக்குப் போதுமானதாக இருந்தது.

கிணற்றில் யாரும் இறைக்கவில்லை. தினமும் காலையில் அக்கா வந்து ஒரு செம்பு அள்ளிக் கிணற்றுக் கட்டின் மேல் வைப்பார். நான் வாயில் வைத்துத் துப்புவேன். பிறகு அவர் வைத்துத் துப்புவார். “இன்னும்,” என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் கதை. பன்னிரண்டாம் நாள் அவர் துப்பவில்லை, விழுங்கினார். தன் மிசினைக் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு நிறுத்தினார். ஊறும்வரை நாங்கள் இருவரும் கட்டின் இரு பக்கத்திலும் இருந்தோம். மறுபடி போட்டார்.

வெங்காயம் கிண்டியபோது குமிழ்கள் சின்னதாகத்தான் இருந்தன. ஆனால் இருந்தன. முதல் இரண்டு பாத்திகளிலும் தாள் மஞ்சளாகிக் கருகி, பிடுங்கினால் கையோடு வெறும் வேர் வந்தது. மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பொட்டால் போய், அந்த இரண்டு பாத்தியின் மேல் மண்ணையும் ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி, பனையோலைக் கடகத்தில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டு நாள் வேலை. அக்கா வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டு இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.